குப்பைக்குப் போன மென்பொருளும் கூடவே போகாத உரிமையும்

ஒரு நிறுவனம் தன் கணினிகளை மாற்றுகிறது. பழைய கணினிகள் கழிவுப் பொருளாக வெளியேறும்போது, அலமாரியில் பல ஆண்டுகளாகக் கிடந்த மென்பொருள் பெட்டிகளும் குறுந்தட்டுகளும் சேர்ந்தே வெளியேறுகின்றன. அவற்றை ஒருவர் எடுத்துக்கொள்கிறார். அல்லது சிறு தொகை கொடுத்து வாங்குகிறார். தட்டில் கீறல் இல்லை. பெட்டிக்குள் அச்சிடப்பட்ட எண்ணும் வேலை செய்கிறது. இந்த மென்பொருளைத் தன் கணினியில் நிறுவிப் பயன்படுத்த அவருக்கு உரிமை உண்டா?

இதற்குப் பெரும்பாலும் இரண்டு பதில்களே காதில் விழுகின்றன. "வேண்டாம் என்று எறிந்த பொருளுக்கு இனி யார் உரிமை கொண்டாட முடியும்?" என்பது ஒன்று. "மென்பொருளை யாரும் வாங்குவதே இல்லை, உரிமம்தான் பெறுகிறோம், ஆகவே பழைய மென்பொருளைக் கைமாற்றுவது எல்லாமே திருட்டு" என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதல் பதிலை நம்புகிறவர்கள் தாம் அறியாமலேயே சட்டத்தை மீறுகிறார்கள். இரண்டாவதை நம்புகிறவர்கள், முழு விலை கொடுத்து வாங்கப்பட்ட, இன்னும் பல ஆண்டுகள் முறையாகவே பயன்பட்டிருக்கக்கூடிய மென்பொருளை அச்சத்தால் அழித்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது இழப்பை எவரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

பெட்டிக்குள் இருப்பவை எத்தனை?

ஒரு கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நண்பர் எனக்கு எழுதிய கடிதத்தின் தாள் என்னுடையது. அதை நான் பத்திரப்படுத்தலாம், கிழிக்கலாம், இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் அந்தத் தாளில் உள்ள எழுத்தை அச்சிட்டு வெளியிடும் உரிமை எழுதியவரிடமே தங்கியிருக்கிறது. தாள் எத்தனை கை மாறினாலும் அந்த உரிமை அதோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை.

மென்பொருள் பெட்டியிலும் இதே நிலைதான், ஓர் அடுக்கு கூடுதலாக. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய தட்டு அல்லது வன்தட்டு முதலாவது. இதை ஊடகம் என்போம். அதில் பதிவாகியிருக்கும் நிரல் இரண்டாவது. இதைப் படி என்போம். அந்தப் படியைக் கொண்டு என்னென்ன செய்யலாம், எத்தனை கணினியில் நிறுவலாம், பிறருக்குக் கொடுக்கலாமா என்று தயாரிப்பாளர் வகுத்துத் தரும் அனுமதி மூன்றாவது, இதுவே உரிமம். இம்மூன்றும் பெட்டியில் இருக்கலாம். பெட்டிக்குள் ஒருபோதும் வராத நான்காவது ஒன்று உண்டு. அது பதிப்புரிமை: ஒரு படைப்பைப் படியெடுக்கவும், விநியோகிக்கவும், மாற்றியமைக்கவும் அதைப் படைத்தவருக்குச் சட்டம் தரும் தனியுரிமை. (இதையும் கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட்டையும் காப்புரிமை என்ற ஒரே சொல்லால் தமிழில் குறிப்பது வழக்கமாகிவிட்டது. இந்தக் கட்டுரையில் பேட்டன்ட் எங்கும் வராது. பேசப்படுவது பதிப்புரிமை மட்டுமே.)

உலக வணிக அமைப்பின் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் 1994ஆம் ஆண்டின் டிரிப்ஸ் எனும் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம், கணினி நிரல்களை இலக்கியப் படைப்புகளாகவே கருதிப் பாதுகாக்க வேண்டும் என்று தன் 10ஆம் பிரிவில் கூறுகிறது. ஆகவே ஒரு நாவலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, சம்பளப் பட்டியல் போடும் நிரலுக்கும் கிடைக்கிறது. இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் பின்னால் வரும் குழப்பம் முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்ததுதான். நாவலுக்கென்று உருவான சட்டத்துக்குள் இயந்திரத்தைப் போல இயங்கும் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இப்போது "எறிந்த பொருள்" என்ற வாதத்தைப் பார்ப்போம். உடைமையாளர் விட்டொழித்த ஒரு பொருளை எடுத்தவர் அதற்கு உரியவராவதைப் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்கின்றன. ஆனால் எறிந்தவர் தன்னிடம் இருந்ததைத்தான் எறிய முடியும். அலுவலகத்திடம் இருந்தவை ஊடகமும் படியும், ஒருவேளை உரிமமும். பதிப்புரிமை அவர்களிடம் இருந்ததே இல்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 202ஆம் பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது: பொருளின் உடைமை வேறு, பதிப்புரிமையின் உடைமை வேறு, ஒன்றைக் கைமாற்றுவதால் மற்றொன்று கைமாறாது.

பழைய புத்தகத்தை விற்க ஏன் யாரையும் கேட்பதில்லை?

அப்படியானால் பழைய புத்தகக் கடைகள் எப்படி நடக்கின்றன என்ற கேள்வி எழ வேண்டும். விநியோகிக்கும் உரிமை பதிப்புரிமையாளருடையது என்றால், படித்து முடித்த நாவலை விற்கவும் அவரிடம் அனுமதி கேட்க வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்வது முதல் விற்பனைக் கோட்பாடு. உரிமையாளர் ஒரு படியை முதன்முறையாக விற்றதும், அந்தக் குறிப்பிட்ட படியின் விநியோகத்தைக் கட்டுப்படுத்தும் அவருடைய உரிமை தீர்ந்துபோகிறது. அந்தப் படிக்கு உரிய விலையை அவர் ஒருமுறை பெற்றுவிட்டார். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்பது அவர் கையில் இல்லை. புதிய படிகளை உண்டாக்கும் உரிமை மட்டும் குறையாமல் அவரிடமே நிற்கிறது.

அமெரிக்காவில் இதை நிலைநாட்டியது 1908இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் தன் நாவல் ஒன்றில், ஒரு டாலருக்குக் குறைவாக எவரும் விற்கக் கூடாது, விற்றால் பதிப்புரிமை மீறலாகக் கருதப்படும் என்று அச்சிட்டிருந்தது. மேசீஸ் அங்காடி அதை 89 சென்டுக்கு விற்றது. பதிப்பகம் தோற்றது. அச்சிட்ட எச்சரிக்கையால் தீர்ந்துபோன உரிமையை மீட்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். மென்பொருள் பெட்டியின் மேல் பொடி எழுத்தில் அச்சிடப்படும் நிபந்தனைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வழக்கு எனக்கு நினைவுக்கு வரும். அந்தப் பதிப்பகத்தின் அறிவிப்புக்கும் இந்த நிபந்தனைகளுக்கும் தோற்றத்தில் அதிக வேறுபாடு கிடையாது. முடிவில்தான் வேறுபாடு வந்தது.

மென்பொருளைப் பயன்படுத்துவது என்றால் படியெடுப்பது

அந்த வேறுபாடு ஏன் வந்தது? புத்தகத்தைப் படிக்கும்போது இன்னொரு புத்தகம் உண்டாவதில்லை. மென்பொருளை இயக்கும்போது உண்டாகிறது. தட்டிலிருந்து வன்தட்டுக்கு நிறுவும்போது ஒரு படி. ஒவ்வொரு முறை இயக்கும்போதும், வன்தட்டிலிருந்து கணினியின் தற்காலிக நினைவகத்துக்கு இன்னொரு படி. பதிப்புரிமையின் மையமே படியெடுக்கும் உரிமை. ஆகவே, விநியோகிக்கும் உரிமை தீர்ந்துபோய், பழைய தட்டு முறைப்படி நம் கைக்கு வந்திருந்தாலும், அதை இயக்கும் கணத்தில் நாம் வேறோர் உரிமையின் எல்லைக்குள் கால் வைக்கிறோம்.

நினைவகத்தில் ஒரு நொடி தங்குவதும் படியா என்று கேட்கலாம். 1993இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், எம்ஏஐ எதிர் பீக் வழக்கில் ஆம் என்றது. பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்று வாடிக்கையாளரின் கணினியை இயக்கியபோது இயங்குதளம் நினைவகத்தில் ஏறியது. உரிமம் வாடிக்கையாளருக்கே தரப்பட்டிருந்ததால், பழுதுபார்ப்பவர் செய்தது அனுமதியற்ற படியெடுப்பு என்று முடிவானது. கணினியை இயக்கிப் பார்ப்பதற்கே இப்படி ஒரு தடையா என்ற கலக்கம் பரவி, 1998இல் பழுதுபார்ப்புக்குத் தனி விலக்களித்துச் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

ஒவ்வோர் இயக்கத்துக்கும் அனுமதி கேட்க வேண்டுமென்றால் மென்பொருளை வாங்கியவர்கூட அதைப் பயன்படுத்த முடியாது. அதனால் சட்டங்களே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன: பயன்பாட்டுக்குத் தேவையான படிகளை எடுக்க அனுமதி வேண்டியதில்லை. ஆனால் யாருக்கு? இங்கேதான் ஒவ்வொரு சட்டமும் வெவ்வேறு சொல்லைப் பயன்படுத்துகிறது; சொல்லுக்குச் சொல் விளைவும் மாறுகிறது.

அமெரிக்காவில் 1980இல் மாற்றி எழுதப்பட்ட 117ஆம் பிரிவு, "படியின் உடைமையாளர்" என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மென்பொருள் நெறியாணை (உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் ஏற்க வேண்டிய விதித்தொகுப்பு), 1991இல் வந்த முதல் வடிவிலும் 2009இன் வடிவிலும், "முறைப்படி பெற்றவர்" என்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, "முறைப்படி வைத்திருப்பவர்" என்கிறது. எந்த நோக்கத்துக்காக அந்த நிரல் வழங்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு மட்டும் என்ற வரம்பையும் சேர்க்கிறது. உடைமையாளர், பெற்றவர், வைத்திருப்பவர் ஆகிய மூன்று சொற்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால், வாசலின் அகலம் நாட்டுக்கு நாடு மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

இதுவரை பார்த்ததை இப்படிச் சுருக்கலாம். பழைய தட்டைக் கைமாற்றுவது ஒரு கேள்வி. அதற்கு முதல் விற்பனைக் கோட்பாடு விடை தருகிறது. கைமாறிய தட்டை இயக்குவது வேறொரு கேள்வி. அதற்கு, படியெடுக்கச் சட்டம் யாருக்கு வாசல் திறந்திருக்கிறது என்பதுதான் விடை. இரண்டுக்கும் "ஆம்" கிடைத்தால்தான் மறுபயன்பாடு முறையானது.

கைவிட்ட பெட்டிகள் நீதிமன்றம் போன கதை

இந்தப் பொருளில் மிகவும் பேசப்பட்ட அமெரிக்க வழக்கு, சொல்லி வைத்தாற்போல, அழிக்கப்பட்டிருக்க வேண்டிய மென்பொருளைப் பற்றியதே. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆட்டோகேட், கட்டடப் படங்கள் வரைய உதவும் மென்பொருள். கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்று அதன் 14ஆம் பதிப்பை வைத்திருந்தது. பிறகு குறைந்த விலையில் அடுத்த பதிப்புக்கு மாறியது. அப்படி மாறும்போது பழைய படிகளை அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அழிக்கவில்லை. அலுவலகப் பொருள்களை விற்றபோது வெர்னர் என்பவர் அந்தப் பெட்டிகளில் சிலவற்றை வாங்கி, ஈபே தளத்தில் விற்பனைக்கு வைத்தார். அவை கள்ளப் படிகள் அல்ல, தயாரிப்பாளரே வெளியிட்ட அசல் தட்டுகள். ஆட்டோடெஸ்க் ஆட்சேபித்தது, ஈபே விற்பனையை நிறுத்தியது, வெர்னர் 2007இல் வழக்குத் தொடுத்தார்.

கீழ் நீதிமன்றம் வெர்னர் பக்கம் நின்றது. 2010இல் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் அதை மாற்றியது. தயாரிப்பாளர் இதை உரிமம் என்று குறிப்பிடுகிறாரா, கைமாற்றுவதைக் கணிசமாகத் தடுக்கிறாரா, பயன்பாட்டுக்குக் குறிப்பிடத்தக்க கட்டுப்பாடுகள் விதிக்கிறாரா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றும் இருந்தால் அந்தப் பரிமாற்றம் விற்பனையாகாது என்றது. விற்பனை நடக்கவில்லையென்றால் முதல் விற்பனைக் கோட்பாட்டுக்கு இடமில்லை. கட்டட வடிவமைப்பு நிறுவனம் படியின் உடைமையாளராக ஒருபோதும் இருந்ததில்லை. தன்னிடம் இல்லாத உடைமையை அது வெர்னருக்குக் கொடுத்திருக்கவும் முடியாது. வெர்னரிடம் வாங்கியவர்களும் உடைமையாளர்கள் அல்லர். ஆகவே 117ஆம் பிரிவின் வாசல் அவர்களுக்கும் மூடியிருந்தது. உச்ச நீதிமன்றம் இந்த வழக்கை விசாரணைக்கு எடுக்கவில்லை.

இங்கே பலரும் ஒரு நியாயமான ஐயத்தை எழுப்புகிறார்கள். அந்த உரிம ஒப்பந்தத்தை ஏற்றது கட்டட வடிவமைப்பு நிறுவனம்; வெர்னர் எதிலும் கையெழுத்திடவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. பிறர் செய்த ஒப்பந்தம் அவரை எப்படிக் கட்டுப்படுத்தும்? ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. ஒப்பந்தம் அதைச் செய்துகொண்ட இருவரை மட்டுமே பிணைக்கும். ஆனால் பதிப்புரிமை எவரோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளாமலேயே எல்லோரையும் கட்டுப்படுத்தும் உரிமை. ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பவர் அதன் நிபந்தனைகளிலிருந்து தப்பலாம். அதே காரணத்தால் அதன் அனுமதியும் அவருக்குக் கிடைக்காது. பிறகு அவருக்கு மிஞ்சுவது சட்டம் திறந்து வைத்த வாசல் மட்டுமே.

ஆனால் "உரிமம்" என்று எழுதிவிட்டால் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. வெர்னர் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், யுஎம்ஜி என்ற இசை நிறுவனம் விளம்பரத்துக்காக அனுப்பிய குறுந்தட்டுகளைப் பற்றிய வழக்கில், அவற்றின் மேல் உரிமம் என்று அச்சிட்டிருந்தும், கேட்காமலே அனுப்பி, திரும்பப் பெறவும் முயலாததால், அவை பெற்றவரின் உடைமையே என்றது. ஒட்டிய பெயரைவிட நடந்த பரிமாற்றமே பெரிது என்ற இந்தப் பார்வை வெர்னர் வழக்கிலும் இன்னும் அழுத்தமாக ஒலித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. முழுத் தொகையையும் ஒருமுறையே பெற்றுக்கொண்டு, காலவரையின்றிக் கொடுத்துவிட்ட ஒன்றை விற்பனை அல்ல என்று சொல்வதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஐரோப்பா வேறு வழியில் சென்றது

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது. யூஸ்டுசாஃப்ட் என்பது பழைய மென்பொருள் உரிமங்களை வாங்கி விற்ற நிறுவனம். ஆரக்கிள் தன் தரவுத்தள மென்பொருளை இணையத்திலிருந்து பதிவிறக்கத் தந்து, கைமாற்ற முடியாத, ஆனால் கால வரம்பற்ற உரிமத்தை ஒரே கட்டணத்துக்கு வழங்கியது. அத்தகைய உரிமங்களை யூஸ்டுசாஃப்ட் மறுவிற்பனை செய்ய, வழக்கு ஜெர்மனியில் தொடங்கி, லக்சம்பர்க்கில் உள்ள அந்த நீதிமன்றம் வரை சென்றது. 2012 ஜூலை 3 அன்று தீர்ப்பு வந்தது.

பொருளின் மதிப்புக்கு ஈடான தொகையைப் பெற்றுக்கொண்டு, கால வரம்பின்றிப் பயன்படுத்தும் உரிமையோடு ஒரு படியைத் தந்தால் அது விற்பனையே என்றது நீதிமன்றம். தட்டில் தந்தாலும் பதிவிறக்கத்தில் தந்தாலும் ஒன்றுதான். விற்பனை நடந்ததும் விநியோக உரிமை தீர்ந்துபோகிறது. "கைமாற்றக் கூடாது" என்ற நிபந்தனையால் மறுவிற்பனையைத் தடுக்க இயலாது. வாங்கியவர் "முறைப்படி பெற்றவர்" ஆகிறார். இயக்குவதற்கான வாசலும் அவருக்குத் திறக்கிறது.

இதற்கு நீதிமன்றம் வைத்த நிபந்தனையை, தீர்ப்பை மேற்கோள் காட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். விற்றவர் தன் கணினியில் உள்ள படியை விற்கும் நேரத்திலேயே பயன்படுத்த முடியாததாக்கிவிட வேண்டும். விற்றுவிட்டுத் தானும் வைத்திருந்தால், ஒரு படி இரண்டாகிவிடும். அது கைமாற்றமாகாமல் படியெடுப்பாகிவிடும். 25 பேர் பயன்படுத்த வாங்கிய ஒரே உரிமத்தில் பத்துப் பேரின் பங்கை மட்டும் நறுக்கி விற்கவும் முடியாது. தனித்தனிக் கணினிகளில் தனித்தனியாக நிறுவ மொத்தமாக வாங்கிய உரிமங்களின் நிலை வேறு. அவற்றைப் பிரித்து விற்கலாம் என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2014இல் ஏற்றது.

அசல் தட்டு உடைந்துபோய், பாதுகாப்புக்காக எடுத்து வைத்த மாற்றுப் படி மட்டும் இருந்தால்? அதை விற்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016இல், லாட்வியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் கூறியது. மாற்றுப் படி என்பது அதை எடுத்தவரின் பயன்பாட்டைக் காக்க மட்டுமே அனுமதிக்கப்பட்டது. கழிவாகக் கிடைக்கும் தட்டுகளில் கையால் பெயர் எழுதப்பட்டவை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இரு கண்டங்களுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பது தற்செயலானது அல்ல. டிரிப்ஸ் ஒப்பந்தம், உரிமை எப்போது தீர்ந்துபோகிறது என்ற கேள்வியைத் தன் 6ஆம் பிரிவில் அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டுவிட்டது. இந்தியச் சட்டம் சென்ற பாதை இதற்கு இன்னொரு சான்று: ஒரு படி முன்பே விற்கப்பட்டிருந்தாலும், இல்லாவிட்டாலும், அதை விற்கும் உரிமை பதிப்புரிமையாளருக்கு உண்டு என்ற பொருள்படும் சொற்றொடர் 1994இல் சேர்க்கப்பட்டு, 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. ஆகவே "பழைய மென்பொருளை விற்பது சட்டப்படி சரியா?" என்ற கேள்விக்கு நாட்டின் பெயரைச் சேர்க்காமல் தரப்படும் எந்த விடையும் அரைகுறையானதே.

சுருங்கச் சொன்னால், ஒரே பெட்டி அமெரிக்காவில் உரிமமாகவும் ஐரோப்பாவில் விற்ற பொருளாகவும் கருதப்படலாம். இரண்டு இடங்களிலும் மாறாதது ஒன்று: ஒரு படி கைமாறும்போது படிகளின் எண்ணிக்கை கூடக் கூடாது. வாடகைக்கு விடுவதும் இரண்டு இடங்களிலும் உரிமையாளரின் அனுமதியின்றி இயலாது. விற்பனையால் தீரும் உரிமைக்குள் வாடகை அடங்குவதில்லை.

ஒட்டியில் உள்ள எண் உரிமம் ஆகுமா?

பழைய கணினியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நீண்ட எண்ணைக் குறித்துக்கொண்டு, "உரிமம் கிடைத்துவிட்டது" என்று மகிழ்பவர்கள் உண்டு. அந்த எண், நிரலைத் திறக்கும் சாவி. வீட்டின் சாவி கையில் இருப்பதால் வீடு நமதாவதில்லை. எண் ஏற்கப்பட்டது என்பது, தயாரிப்பாளரின் கணினி அந்த எண்ணை அடையாளம் கண்டுகொண்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. இதன் மறுபக்கமும் உண்மை: முறையாகக் கைமாறிய படியின் எண்ணை அந்தக் கணினி மறுத்துவிட்டால், வாங்கியவரின் உரிமை அதனால் மறைந்துவிடாது, அதை நிலைநாட்டும் சுமைதான் அவர் தோளில் ஏறுகிறது.

எண்ணைவிட முக்கியம், உரிமம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது. ஓஇஎம் உரிமம் என்பது கணினியைத் தயாரித்தவர் அதோடு சேர்த்தே விற்பது; விலை குறைவு, ஆனால் அந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டது. கணினியோடு சேர்ந்து அடுத்தவருக்குப் போகலாம் என்பதே அதன் வழக்கமான நிபந்தனை. கணினியை உடைத்துவிட்டு ஒட்டியை மட்டும் உரித்தெடுத்துச் செல்வதற்கு அது இடம் தருவதில்லை. இந்தப் பிணைப்பையும் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தளர்த்தியது: புதிய கணினியோடு மட்டுமே விற்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் குறிப்பிட்டிருந்த அசல் தட்டுகளைத் தனியாக விற்பதைப் பதிப்புரிமையால் தடுக்க முடியாது என்றது. கடையில் தனியாக வாங்கும் சில்லறை உரிமம் பொதுவாக அதிகத் தாராளமானது. நிறுவனங்கள் வாங்கும் மொத்த உரிமத்தில் ஒரே எண் நூற்றுக்கணக்கான கணினிகளைத் திறக்கும். கழிவுக்கு வந்த ஒரு கணினியில் அந்த எண்ணைப் பார்த்துப் பயன்படுத்துபவர், உரிமம் கைமாறாமலேயே அந்த நிறுவனத்தின் சாவியைப் பயன்படுத்துகிறார்.

சந்தா முறையில் தரப்படும் மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சந்தா முடிந்தால் அனுமதியும் முடிகிறது. கைமாற்ற எதுவும் மிஞ்சுவதில்லை. ஐரோப்பியத் தீர்ப்பும் கால வரம்பற்ற உரிமங்களுக்கே பொருந்தும்.

தயாரிப்பாளரே கைவிட்ட மென்பொருள்

இதுவரை பயனர் கைவிட்டதைப் பற்றிப் பேசினோம். தயாரிப்பாளரே விற்பனையை நிறுத்தி, உதவியையும் நிறுத்தி, சில நேரம் நிறுவனத்தையே மூடிவிட்ட மென்பொருள்களும் இருக்கின்றன. இவற்றை அபாண்டன்வேர் என்கிறார்கள். இது ஆர்வலர்கள் வைத்த பெயர். சட்டத்தில் இப்படி ஒரு வகை இல்லை. விற்பனை நின்றதால் பதிப்புரிமை நிற்பதில்லை. அமெரிக்கச் சட்டப்படி, நிறுவனத்துக்காக ஊழியர்கள் ஆக்கிய படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. 1985இல் வெளியான ஒரு நிரல் 2080ஆம் ஆண்டின் இறுதிவரை பாதுகாக்கப்படும். அதை இயக்கக்கூடிய கணினிகள் அதற்கு வெகு காலம் முன்பே மண்ணோடு மண்ணாகியிருக்கும். நிறுவனம் மூடப்பட்டாலும் பதிப்புரிமை ஒரு சொத்தாகக் கடன் கொடுத்தவருக்கோ வாங்கியவருக்கோ போய்ச் சேர்கிறது. இப்போது யாரிடம் இருக்கிறது என்று கண்டறிய முடியாத நிலைதான் பழைய மென்பொருளைப் பாதுகாக்க முயல்பவர்களை மிகவும் சோர்வடையச் செய்கிறது.

பதிப்புரிமையை ஒருவர் உண்மையிலேயே கைவிட முடியும். ஆனால் அதற்கு வெளிப்படையான செயல் வேண்டும், மௌனம் போதாது என்பது அமெரிக்க நீதிமன்றங்களின் நிலைப்பாடு. பெரும்பாலும் நடப்பது கைவிடுதலும் அன்று, புதிய அனுமதி தருதல். எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தின் தொடக்கப் பதிப்புகளின் மூல நிரலை (நிரலர்கள் எழுதிய வடிவிலேயே உள்ள நிரலை) 2014இல் மைக்ரோசாஃப்ட், கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் வழியாக வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் வெளியிட்டது. 2018இல் அதே நிரலை, ஏறக்குறைய எதையும் செய்ய இடம் தரும் எம்ஐடி உரிமத்தின் கீழ் மறுபடி வெளியிட்டது. நிரலின் வரிகள் மாறவில்லை. 2014இல் செய்திருந்தால் மீறலாக இருந்திருக்கும் வணிகப் பயன்பாடு 2018இல் முறையானதாயிற்று. 2002இல் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளுக்கு நேர்ந்தது இன்னும் மகிழ்ச்சியானது: அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபின், பயனர்கள் 1,00,000 யூரோ திரட்டி உரிமையாளர்களிடமிருந்து அதை விடுவித்தார்கள். இன்றும் அது வளர்ந்துகொண்டிருக்கிறது.

பூட்டுகளின் சிக்கல் தனி. பல மென்பொருள்கள், கணினியில் செருகும் ஒரு சிறு வன்பொருள் சாவி இல்லாமல் இயங்கா. சாவி பழுதாகி, மாற்றும் கிடைக்காவிட்டால், பூட்டை உடைப்பதே அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி தவறு. 2003இல் அந்நாட்டின் காங்கிரஸ் நூலகம், பழுதாகி வழக்கொழிந்த சாவிகளுக்கும், வழக்கொழிந்த வடிவங்களில் வெளியான நிரல்களுக்கும் விலக்கு அளித்தது. தயாரிப்பாளரின் சரிபார்ப்பு வழங்கி (சர்வர்) நிறுத்தப்பட்ட கணினி விளையாட்டுகளுக்கு 2015இல் விலக்கு வந்தது. இவை குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்பட்டு, மீண்டும் மீண்டும் ஆராயப்படும் விலக்குகள். பூட்டைத் திறக்க மட்டுமே உதவுபவை. படியெடுக்கும் அனுமதி வேறிடத்திலிருந்து வர வேண்டும்.

படியோடு சேர்ந்தே வரும் உரிமம்

இத்தனை சிக்கலும் எழாத ஓரிடம் உண்டு. பழைய கணினியில் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் இடம் தரும் மென்பொருள், இருந்தால், எடுத்தவர் எவரையும் கேட்க வேண்டியதில்லை. இத்தகைய மென்பொருள்கள் பலவற்றுக்குரிய ஜிபிஎல் உரிமத்தின், 1991இல் வெளியான இரண்டாம் பதிப்பு, நிரலை இயக்குவதற்கு எந்தத் தடையும் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. ஒருவர் படியை மற்றொருவருக்குக் கொடுக்கும்போது, பெறுபவருக்கு மூல உரிமையாளரிடமிருந்தே நேராக உரிமம் கிடைக்கிறது என்றும் கூறுகிறது. முந்தைய உடைமையாளர் எப்படிப் பெற்றார், என்ன நிபந்தனையை ஏற்றார் என்று பின்னோக்கித் தேட வேண்டியதில்லை. படிகளைப் பிறருக்கு வழங்குபவருக்கு மட்டும் மூல நிரலையும் தரும் கடமை உண்டு. இங்கும் பதிப்புரிமை தீர்ந்துபோகவில்லை. அதே பதிப்புரிமைதான் இந்த உரிமத்துக்கும் வலுவூட்டுகிறது.

எறிவதற்கு முன்னும் எடுப்பதற்கு முன்னும்

எடுப்பவர் கேட்க வேண்டியவை, மேலே சொன்னவற்றிலிருந்து தாமாகவே பிறக்கின்றன. இது அசல் ஊடகமா, யாரோ எடுத்த மாற்றுப் படியா? உரிமம் கால வரம்பற்றதா, கணினியோடு பிணைக்கப்பட்டதா, மொத்த உரிமத்தின் துண்டா? முதலில் வாங்கியதற்கான பற்றுச்சீட்டு எங்கே? முந்தைய உடைமையாளர் தன் கணினியிலிருந்து நீக்கிவிட்டதாக எழுத்தில் தருவாரா? இவற்றுக்கு விடை சொல்ல முடியாத விற்பனையாளர், எண்ணை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பி மிகக் குறைந்த விலை கேட்டால், அவர் விற்பது உரிமம் அல்ல என்று கொள்வதே பாதுகாப்பானது.

எறிபவரின் பொறுப்பு இதைவிடக் கனமானது. ஏனெனில் எடுப்பவரிடம் இல்லாத தகவல் அவரிடம் இருக்கிறது. புதிய பதிப்புக்குச் சலுகை விலையில் மாறும்போது பழைய உரிமம் புதியதற்குள் அடங்கிவிட்டதா என்பதை அவரால்தான் அறிய முடியும்; ஆட்டோகேட் வழக்கின் வேர் அங்கேதான் இருந்தது. அடங்கிவிட்டிருந்தால், பெட்டியை முழுதாக வெளியே வைப்பது, அதை நம்பி எடுப்பவரை வம்பில் மாட்டிவிடுவதாகும். தட்டை உடைத்துப் போட வேண்டும். அடங்காமல் உரிமம் உயிரோடு இருந்து, நாட்டின் சட்டமும் உரிமத்தின் வாசகமும் இடம் தந்தால், அதைக் குப்பையில் போடுவது வீண். தன் கணினிகளிலிருந்து நிரலை நீக்கி, நீக்கிய நாளைக் குறித்து ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, அதையும் பற்றுச்சீட்டையும் உரிம வாசகத்தையும் ஒரே உறையில் போட்டுத் தட்டோடு சேர்த்துக் கட்டி வைத்தால், அடுத்து எடுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் அனைத்துக்கும் அந்த உறையே விடை சொல்லும்.